கட்டிலை எண்ணினால் போதுமா?



கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று ஒரு கிலோ கூடக் கழித்தால் சும்மா விடுகிறோமா? தராசையே உற்றுப் பார்க்கிறோம். ஆனால் சிறுவர் இல்லத்தில் விட்ட பிள்ளையை யார் வந்து பார்க்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

இலங்கையில் இல்லங்களில் வளரும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் பிள்ளையைப் பிரிக்கிறது. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு வேலை மாகாணங்களிடம் வந்தது. கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் இங்கே திருகோணமலையில்தான். ஆகவே கேள்வியையும் இங்கேதான் கேட்க வேண்டும்.

கட்டில், கழிவறை, பதிவேடு சரியென்றால் இல்லம் சரியாகிவிடுமா? நாள் சொல்லிவிட்டு வந்தால் எந்த இல்லத்திலும் அன்றைக்குச் சோறு சுடச்சுட இருக்கும். விடுமுறைக்கு லயத்துக்கு வந்த பழைய மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "எங்ககிட்ட யாருமே எதுவும் கேட்டதில்ல."

கேட்பது தருமம் அல்ல, கடமை. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை பிள்ளையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. அதிகாரிகள் பராமரிப்பில் ஒப்படைத்த பிள்ளையின் நிலையைக் காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்யச் சொல்கிறது 25ஆம் உறுப்புரை.

நம் கோரிக்கைகள்: சொல்லாமல் வந்து பரிசோதியுங்கள். பிள்ளையோடு தனியாக, அதன் மொழியிலேயே பேசுங்கள். அறிக்கையின் தமிழ்ப் பிரதியைப் பெற்றோரிடம் கொடுங்கள். "இந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப என்ன உதவி வேண்டும்?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு அறிக்கையிலும் பதில் எழுதுங்கள்.

பெற்றோரே, பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1929க்கு உடனே அழையுங்கள். மற்றதைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். சம்பளத்துக்கு எழும் குரல் பிள்ளைக்கும் எழட்டும்.