தங்கக் கட்டிக்குக் கணக்கு உண்டு, தொழிலாளியின் உயிருக்கு இல்லையா?

இரண்டாம் உலகப் போர் என்றதும் நம் பிள்ளைகள் என்ன ஒப்பிக்கிறார்கள்? 1939இல் தொடங்கியது, 1945இல் முடிந்தது. ஹிட்லர், முசோலினி, சர்ச்சில். ஹிரோஷிமா, நாகசாகி. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இவ்வளவு போதும்! அந்தப் போர் இதே பம்பாய்த் துறைமுகத்தில் நம்மைப் போன்ற கூலிக்காரர்களைச் சாம்பலாக்கியதே, அதை எந்தப் பாடத்தில் படித்தாய் என்று இன்றிரவு உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.

1944 ஏப்ரல் 14. விக்டோரியா டாக்கில் 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற சரக்குக் கப்பல் நின்றது. அதன் வயிற்றில் சுமார் 1,400 டன் வெடிபொருள். அதே கப்பலில் கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகள், எண்ணெய்ப் பீப்பாய்கள். ஆபத்தைக் காட்டும் சிவப்புக் கொடி ஏற்றப்படவில்லை. பிற்பகலில் தீப்பற்றியது. மாலை 4 மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. அரை மணி கழித்து மறுபடியும் வெடித்தது. 12 கிலோமீட்டர் தொலைவில் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள்.

மொத்தம் செத்தவர் எத்தனை பேர்? சுமார் 800 என்கிறது ஒரு கணக்கு. ஆயிரத்துக்கும் மேல் என்கிறது இன்னொரு கணக்கு. ஆனால் அதே கப்பலில் 31 பெட்டிகளில் தங்கக் கட்டிகள் வந்தன என்பதை மட்டும் பெட்டிவாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள்! அன்றாடக் கூலிக்கு மூட்டை தூக்கியவனின் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை. பெயர் இல்லாதவனுக்குச் சாவுக் கணக்கு ஏது?

இதைச் சொல்வது வரலாற்று ஆசிரியரின் வேலை என்று மற்ற ஆசிரியர்கள் ஒதுங்குவதுதான் நம் குற்றச்சாட்டு. போர் வரலாற்றுப் புத்தகத்துக்குள் மட்டும் நடந்ததா?

அறிவியல் ஆசிரியர் சொல்லட்டும்: பஞ்சுப் பொதி உள்ளுக்குள்ளேயே ஏன் கனன்று கொண்டிருக்கிறது? மேலே ஊற்றும் நீர் ஏன் உள்ளே இறங்குவதில்லை? இரும்புத் தகடு வெப்பத்தை எப்படிக் கடத்துகிறது? ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும் என்றால் 12 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவன் காதில் அந்த முழக்கம் எத்தனை நொடியில் விழுந்திருக்கும்?

புவியியல் ஆசிரியர் படத்தை விரிக்கட்டும். 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா அரிசி வருவது நின்றது. அங்கே பிழைக்கப் போயிருந்த இந்தியர்கள், அவர்களில் தமிழரும் ஏராளம், காடும் மலையும் கடந்து கால்நடையாக அசாமுக்கும் மணிப்பூருக்கும் வந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் ஆயிரம் ஆயிரம்.

அடுத்த ஆண்டு வங்காளத்தில் பஞ்சம். 20 முதல் 30 லட்சம் பேர் செத்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அரிசி குறைந்தது மட்டும் காரணம் அல்ல. விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறவில்லை. இது கணக்கு ஆசிரியருக்கு உரிய பாடம். நாட்கூலி 10 ரூபாய் 12 ஆகி, அரிசி விலை மூன்று மடங்கானால் ஒரு குடும்பத்தின் உலையில் எத்தனை பங்கு குறையும்? கூலிக்காரன் பிள்ளைக்கு இதைவிட நல்ல விகிதக் கணக்கு உண்டா?

மொழி ஆசிரியருக்கும் வேலை இருக்கிறது. டாக் வெடித்த செய்தியை வெளியிட அரசின் தணிக்கை வாரக்கணக்கில் விடவில்லை. ஜப்பானியர் கையிலிருந்த சைகோன் வானொலி அதற்குள் உலகுக்குச் சொல்லிவிட்டது! அன்று அச்சேறாத செய்தியை இன்று நம் பிள்ளைகள் கட்டுரையாக எழுதட்டும். துறைமுகத்தில் வேலை பார்த்த குடும்பங்களின் முதியவர்கள் தம் பெற்றோர் சொல்லக் கேட்டதைக் குறித்து வரட்டும்.

பாடச்சுமை ஏற்கெனவே அதிகம் என்பார்கள். புதிய புத்தகம் கேட்டோமா? புதிய தேர்வு கேட்டோமா? இருக்கிற பாடத்துக்கு உதாரணத்தைத்தான் மாற்றச் சொல்கிறோம். பிஞ்சு மனம் பயந்துவிடும் என்பார்கள். பழைய துணி மூட்டையும் தின்னர் டப்பாவும் கேஸ் சிலிண்டரும் ஒரே அறையில் கிடக்கும் பட்டறைக்கு மேலேதான் நம் பிள்ளைகள் தூங்குகிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாள். உயிர் கொடுத்த வீரர்களுக்கு வணக்கம் செலுத்துகிறோம், செலுத்த வேண்டும். அவர்களோடு கரிந்த கூலிகளுக்கு ஒரு வகுப்பு நேரமாவது உண்டா?

பெற்றோரே! அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். நான்கு பாட ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து இந்த ஒரு நிகழ்ச்சியை ஒரே வாரத்தில் நடத்த வேண்டும் என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு. ஐம்பது பேர் கேட்டால் அது கோரிக்கை!