எழுதாத வாசகர்

இணைய இதழியலில் வாசகர் பங்கேற்பை ஆராய்வோர் பெரும்பாலும் எழுதியவர்களையே எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் என்.பி.ஆர். வானொலி 2016 ஆகஸ்டில் தன் தளத்தின் பின்னூட்டப் பகுதியை மூடியது. அவ்வாண்டு ஜூலையில் அத்தளத்திற்கு வந்தவர்கள் ஏறத்தாழ 3.3 கோடிப் பேர்; பின்னூட்டமிட்டவர்கள் 19,400 பேர். நூற்றுக்கு 0.06. இச்சிறு கூட்டத்தின் குரலையா 'வாசகர் கருத்து' என மேற்கோள் காட்டுகிறோம்? (கைதூக்கும் நான்கு மாணவர்களைக் கொண்டு வகுப்பே புரிந்துகொண்டதாக நம்பும் பிழையை நானும் செய்வதுண்டு.)

எஞ்சியோரின் மௌனத்தைச் சோம்பல் என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. அதே 2016 ஏப்ரலில், பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் தனக்கு வந்த 7 கோடிப் பின்னூட்டங்களை ஆராய்ந்து வெளியிட்டது. கட்டுரையாளர்களில் பெரும்பாலோர் வெள்ளை ஆண்கள். ஆயினும் மிகுதியாக ஏசப்பட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் பெண்கள். மற்ற இருவர் கறுப்பின ஆண்கள். மிகக் குறைவாக ஏசப்பட்ட பத்துப் பேரும் ஆண்களே. அந்த ஏச்சுகளுக்கு நடுவே தன் பெயரையும் இட்டு ஒரு வரி எழுத எந்த வாசகிக்கு மனம் வரும்?

எழுதாமல் விலகிய அந்த வாசகியைத்தான் ஆய்வாளர் தேடிச் சென்று பேசவேண்டும். ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். பின்னூட்டங்களையோ ஓர் இரவில் இறக்கிக்கொள்ளலாம்.