அவருக்கு ஓய்வு, எனக்கு பெல்ட்

எங்கள் வீட்டில் முதுகு வலி இரண்டு பேருக்கும் உண்டு. வைத்தியம்தான் வேறு வேறு. இவருக்கு வலித்தால் கட்டில். எனக்கு வலித்தால் பெல்ட். பெல்ட்டைக் கட்டிக்கொண்டால் அடுப்படியில் நிற்கலாமே! வருகிறவர்களும் அப்படித்தான். "மாமா, நீங்க எழுந்திருக்காதீங்க" என்பார்கள். அடுத்த மூச்சில், "அத்தை, பெல்ட் போட்டிருக்கீங்கள்ல? ஒரு காபி கிடைக்குமா?"

இரண்டு வைத்தியமுமே உதவாது. குறிப்பிட்ட நோய் எதுவும் காரணமாக இல்லாமல், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சியை அது பரிந்துரைக்கிறது. பெல்ட்டையும் இழுவை வைத்தியத்தையும் வேண்டாம் என்கிறது. நாள்கணக்கில் படுத்துக் கிடக்கச் சொல்வதையும் மருத்துவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். படுக்கப் படுக்க முதுகைத் தாங்கும் தசை தளர்கிறது. எழுந்தால் வலி கூடுகிறது. அதற்குப் பயந்து மறுபடி படுக்கை.

ஸ்கேனில் 'ஜவ்வு தேய்மானம்' என்று பார்த்ததும் இவர் ஆடிப்போய்விட்டார். எண்பது வயதில் வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும், அநேகமாக எல்லோருக்கும் தேய்மானம் தெரியும் என்று பிசியோ சொன்ன பிறகுதான் நடக்கக் கிளம்பினார். கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, வலியோடு காய்ச்சல் வருவது இதெல்லாம் வேறு விஷயம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிறகு சமையலறையைப் பிரித்துக்கொண்டோம். வெகுநேரம் நின்றால் எனக்கு ஆகாது, உட்கார்ந்தால் இவருக்கு ஆகாது. ஆகவே நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்குவது நான். தாளிப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் இவர். கீழ்த்தட்டிலிருந்த குக்கரும் இட்லிப் பானையும் இடுப்பு உயரத்துக்கு ஏறின. கிரைண்டர் கல்லைத் தூக்குவதில்லை. மாவு கடையில் வாங்குகிறோம். கடுகு வெடிப்பதற்குள் இவர் பருப்பைப் போட்டுவிடுகிறார். பேசாமல் சாப்பிடுகிறேன்.

வலி போய்விடவில்லை. ஆனால் ஒருவர் படுத்தே கிடக்க, மற்றவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் வழக்கம் போய்விட்டது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: அம்மாவுக்கு பெல்ட் வாங்கி அனுப்பும் முன், அப்பா கையில் கரண்டியைக் கொடுங்கள். இரண்டு முதுகுக்கும் நல்லது.