700 எழுத்துக்குள் நம் சேரி

"மதிப்பெண்தான் தகுதி. இட ஒதுக்கீடு வந்தால் திறமை செத்துப்போகும்." இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. பாடியவர்களில் பலர் இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் அங்கே டாக்டர் ஆக வேண்டுமென்றால் மதிப்பெண் மட்டும் போதாது. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கான 'ஆம்காஸ்' பொது விண்ணப்பத்தில், வகுப்பறைக்கு வெளியே செய்தவற்றை 15 வரை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. அதில் 3ஐ மிக முக்கியம் என்று குறித்தால் மேலும் 1,325 எழுத்து.

இப்போது மட்டும் மதிப்பெண் தகுதி இல்லையாம், மனிதநேயம்தான் தகுதியாம்!

அந்த 700 எழுத்துக்காகத்தான் சிலர் கோடை விடுமுறையில் ஊருக்கு வருகிறார்கள். பெரியப்பா மருத்துவமனையில் ஒரு வாரம் வேடிக்கை. சேரியில் இரண்டு நாள் முகாம். நம் பாட்டிக்கு பிரஷர் பார்ப்பதுபோல ஒரு படம். 'இந்திய ஏழைகளுக்குச் சேவை' என்று விண்ணப்பத்தில் ஏறிவிடும். அந்த ஏழைகள் ஏன் ஊருக்கு வெளியே குடியிருக்கிறார்கள் என்பதற்கு அதில் ஒரு எழுத்தும் இருக்காது. சாதியை எழுதினால் தாத்தாவின் நிலத்தையும் எழுத வேண்டி வருமே.

'முழு ஆளுமையைப் பார்க்கிறோம்' என்ற முறையும் ஒன்றும் புனிதமாகப் பிறந்ததல்ல. 1920களில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் தேர்வெழுதி நிறைய நுழைந்தபோது, அவர்களைக் குறைக்கத்தான் 'குணநலன்' என்ற அளவுகோல் உள்ளே வந்தது. நுழைவுத் தேர்வானாலும் குணநலனானாலும், அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

அங்கே படிக்கும் நம் பிள்ளைகளோ, எழுத ஒன்றுமில்லை என்று கூசுகிறார்கள். தம்பி, தங்கச்சி, பெட்ரோல் பங்கில் இரவு ஷிப்ட் பார்த்தாயா? சம்பள வேலைக்கென்றே அந்தப் படிவத்தில் தனி வகை இருக்கிறது. அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னாயா? 'இதர' வகையில் போடு. எத்தனை மணி நேரம், என்ன பொறுப்பு, நீயாக என்ன முடிவெடுத்தாய், அதனால் என்ன மாறியது, இதை எழுது. 'கண் கலங்கியது, மருத்துவராக உறுதி பூண்டேன்' என்பதெல்லாம் முகாமுக்கு வந்தவர்கள் எழுதட்டும். உனக்கு எழுத்து வீணாகும்.

சரிபார்க்க ஒருவர் பெயர் கேட்பார்கள். பங்க் மேனேஜர் பெயரைக் கொடு. அது டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.