அடுத்த படகில் ஏறிப்போகும் காசு

யாழ்ப்பாணத் தீவகத்தில் இனி எஞ்சியிருப்பது கிழடுகளும் கோயில்களும்தான். அங்கே எல்லாத் துறையும் கைகோத்து வறுமையைக் குறைக்கும் என்பது கருத்தரங்குப் பேச்சு. ஒரு பெரிய முதலீட்டாளரைக் கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் சனத்தைக் குடாநாட்டுக்கு எடுத்துவிடுங்கள். நண்பர் எழுதியிருக்கும் நீண்ட கட்டுரையைப் பிழிந்தால் வடிவது இவ்வளவுதான். நடுவில் கூட்டுறவுக்கு ஓர் இரங்கலுரை. நிவாரணம் சனத்தைச் சோம்பேறியாக்கிவிட்டது என்ற பழைய பல்லவி. கோயிலும் தேவாலயமும் பிரதேச சபையும் ஒரு மேசையில் இருக்கவே மாட்டா என்ற தீர்ப்பு. தீர்ப்புச் சொல்லுமுன் சாட்சிகளை விசாரிப்பது வழக்கம். நண்பர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் அந்தச் சோம்பல். தீவகத்துச் சிறு தொழிலாளியின் படகில் இருக்கும் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே பாய்ச்சலில் ஏறியது. அதற்கு முந்தைய மாதங்களில் 87 ரூபாய்க்கும் அது கிடைக்கவில்லை. எண்ணெய் தேடிப் போட்டுக் கடலுக்குப் போனால் அங்கே இந்திய இழுவைப்படகுகள். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டே தடைசெய்தது. அந்தச் சட்டம் நம் ஆட்களைக் கட்டுப்படுத்தும். இராமேஸ்வரத்திலிருந்து இரவில் வருகிற படகு வலையை அறுத்துக்கொண்டு போகும்போது அதற்குக் கை நீளாது. நெடுந்தீவுக் கடலைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியவர் இழுவைமடி என்ற சொல்லை ஓர் இடத்திலும் எழுதாமல் தப்பியிருப்பது, எழுத்துத் திறமை என்றே சொல்ல வேண்டும்.

நிவாரணத்துக்கு வருவோம். 2023இல் அஸ்வெசும நிவாரணத் திட்டம் வந்தபோது 22 அளவுகோல்களை வைத்துக் குடும்பங்களைச் சலித்தார்கள். கடும் வறுமை என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பத்துக்கே அன்று கிடைத்த உச்சத் தொகை மாதம் 15,000 ரூபாய். இந்தக் காசில் ஒரு வீடு கால்நீட்டிப் படுத்திருக்கலாம் என்று நம்புகிறவர் கடைசியாகச் சங்கக்கடையில் அரிசி வாங்கியது எந்த ஆண்டில் என்று அறிய ஆவலாயிருக்கிறது.

சனத்தை எடுத்துவிடுகிற யோசனையும் புதியது இல்லை. 1990இலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் துப்பாக்கி அதைச் செய்துபார்த்தது. மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று ஊர் ஊராகச் சனம் கிளம்பியது. வசதியுள்ளவர்கள் கொழும்புக்கும், பிறகு கனடாவுக்கும் சுவிஸுக்கும் பிரான்ஸுக்கும் போனார்கள். கடலைத் தவிர வேறு தொழில் தெரியாதவர்களும் குடாநாட்டில் ஒரு பரப்புக் காணி வாங்க வழியில்லாதவர்களும் திரும்பி வந்தார்கள். நெடுந்தீவுச் சனம் அதற்கும் முன்பே, 1985 மே 15இல், குமுதினிப் படகில் தங்கள் ஆட்களை வெட்டுக்காயங்களோடு கண்டது. பிறகும் அந்தக் கடலைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் போய்வந்தது. அந்த மனிதர்களிடம் போய், இடம் வசதியாக இல்லை, மாறுங்கள் என்று சொல்வதற்குப் பொருளாதாரம் படித்திருந்தால் மட்டும் போதாது, கொஞ்சம் கல்நெஞ்சும் வேண்டும்.

இனி அந்த மேசை. ஒரு மேசையில் இருக்க மாட்டார்களாம்.

கச்சதீவு நெடுந்தீவுப் பிரதேச செயலர் பிரிவுக்குள் வருவது. அங்கே குடியிருப்பவர் எவருமில்லை, குடிதண்ணீர் இல்லை. ஆண்டுதோறும் தவக்காலத்தில் அந்தோனியார் திருவிழாவுக்கு அங்கே ஆயிரக்கணக்கில் சனம் கூடுகிறது, ஓர் இரவு தங்குகிறது, திரும்புகிறது. யாழ். ஆயர் இல்லம், மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், சுகாதாரத் திணைக்களம், கடற்படை, படகுக்காரர், கடலுக்கு அந்தப்பக்கத்துப் பங்குச் சபையார் என்று அத்தனை பேரும் முன்கூட்டியே கலந்து பேசுகிறார்கள். தண்ணீர் யார், மலசலகூடம் யார், வைத்தியர் யார், எந்தப் படகு எத்தனை மணிக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். இரண்டு நாடுகளின் அதிகாரிகளும் இரண்டு மறைமாவட்டங்களும் ஓர் ஆளில்லாத் தீவில் பந்தி வைக்க முடிகிறது. வேலணைப் பிரதேச சபையும் ஊர்காவற்துறைக் கடற்றொழிலாளர் சங்கமும் ஒரு ஐஸ் பெட்டியைப் பற்றிப் பேச முடியாது என்று நண்பர் எந்த ஆதாரத்தில் சொல்கிறார்?

நயினாதீவுக்கு வாருங்கள். நாகபூசணி அம்மன் மகோற்சவ நாட்களில் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கிற சனத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தனியார் படகுகள் முறை வைத்து ஓடுகின்றன. அன்னதான மண்டபத்தில் வந்தவர் எவரும் பசியோடு திரும்புவதில்லை. பக்கத்தில் நாகவிகாரைக்குத் தெற்கிலிருந்து வருகிற சிங்கள யாத்திரிகர்கள் அதே படகில் ஏறி அதே வெயிலில் காய்கிறார்கள். ஒழுங்குபடுத்தும் ஆற்றல் தீவகத்தில் இல்லை என்பவர் ஒரு தேர்த்திருவிழாவைக்கூடப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

ஆனால் அந்த அன்னதானத்துக்கு வருகிற மரக்கறியில் எத்தனை கிலோ வேலணைத் தோட்டங்களில் விளைந்தது? யாத்திரிகர் வாங்கிப்போகிற புழுக்கொடியலிலும் பனாட்டிலும் கடகத்திலும் எவ்வளவு தீவுப் பெண்களின் கைவேலை, எவ்வளவு வேறெங்கோ கட்டிவந்த பொதி? அர்ச்சனைச் சாமான், தேங்காய், வாழைப்பழம்? கோபுரத் திருப்பணிக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற காசு சீமெந்தாகவும் கம்பியாகவும் வெளியூர்ச் சிற்பியின் சம்பளமாகவும் மாறி எந்தத் திசையில் போகிறது? தீவகத்தில் காசு வருவதேயில்லை என்பது நண்பரின் அடிப்படைப் பிழை. காசு வருகிறது. கோயிலுக்கு வருகிறது, பழைய மாணவர் சங்கத்துக்கு வருகிறது, நண்டுக்கு வருகிறது, அரச உத்தியோகத்தரின் சம்பளமாக வருகிறது. வந்த காசு ஊருக்குள் ஒரு கைகூட மாறாமல் அடுத்த படகில் ஏறிவிடுகிறது. காலைப் படகில் வந்து பின்னேரப் படகில் திரும்புகிற உத்தியோகத்தர் தேத்தண்ணிக் கடையில் செலவழிப்பதைத் தவிர மீதியை யாழ்ப்பாண நகரத்தில்தான் செலவழிப்பார். அவரில் குற்றமில்லை. அவர் தங்குவதற்கு ஒரு வீடு, பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று யோசிக்காத நிர்வாகத்தில் குற்றம்.

நண்டை எடுப்போம், ஏனென்றால் முழுக் கணக்கும் அதற்குள் இருக்கிறது. தீவகத்துக் கரைகளில் பிடிபடுகிற நீலக்கால் நண்டு அமெரிக்கத் தட்டுவரை போகிறது. பிடித்தவர் விலை சொல்வதில்லை. எஞ்சினுக்கும் வலைக்கும் முற்பணம் தந்த முதலாளியிடமே கொடுக்க வேண்டும். அவர் சொன்னதே விலை. வேறிடத்தில் விற்றால் முற்பணத்தைத் திருப்பக் கேட்பார்கள். முற்பணம் இல்லாதவருக்கும் வெயில் ஏறுமுன் விற்றாக வேண்டும், ஏனென்றால் ஐஸ் கட்டுபடியாகாது. ஐஸ் ஏன் கட்டுபடியாகாது? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்கட்டமைப்போடு சேராமல் டீசல் இயந்திரத்தில் மின்சாரம் எடுத்த தீவுகள். ஆக, கடன், மின்சாரம், படகு நேரம், சந்தை என்று நாலு துறை சேர்ந்து அந்த நண்டின் விலையை விழுத்துகின்றன. விழுத்துவதற்கு நாலு துறை ஒற்றுமையாக நிற்கும்போது தூக்குவதற்கு ஒரு முதலீட்டாளர் போதும் என்பது விசித்திரமான கணிதம்.

அந்த மின்சாரத்தின் கதையைக் கேளுங்கள். மூன்று தீவுகளுக்கும் காற்றாலை, சூரியகலம், மின்கலம் கலந்த திட்டம். 2021 ஜனவரியில் ஆசிய அபிவிருத்தி வங்கிக் காசில் சீனக் கம்பனிக்குக் கொடுத்தார்கள். இந்தியா முகம் சுழித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சீனா விலகிக்கொண்டது. பிறகு இந்தியா 11 மில்லியன் டொலர் நன்கொடை என்றது. 2024 மார்ச் 1இல் பெங்களூர்க் கம்பனியோடு ஒப்பந்தம். 1,700 கிலோவாட் சூரியகலம், 530 கிலோவாட் காற்று, 2,400 கிலோவாட் மணிநேர மின்கலம், அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல். பெய்ஜிங் பேசியது, டெல்லி பேசியது, கொழும்பு பேசியது. பத்திரிகைகளில் பாதுகாப்பு நிபுணர்கள் பக்கம் பக்கமாகப் பேசினார்கள். அத்தனை பேச்சிலும் ஐஸ் தொழிற்சாலை என்ற சொல் என் கண்ணில் படவில்லை. அந்த மின்சாரத்தில் ஒரு பங்கைக் குறைந்த விலையில் கடற்றொழிலாளர் சங்கத்தின் குளிரறைக்குத் தருவதென்று மின்சார சபையும், குளிரறைக்கு நிலம் தருவதென்று பிரதேச சபையும், முதலாளியின் முற்பணத்தை அடைக்கக் கடன் தருவதென்று சிக்கனக் கடனுதவிச் சங்கமும், மீன்பெட்டிக்கு இடம் விட்டு நேரத்துக்கு ஓடுவதென்று படகுக்காரரும் ஒப்பினால் நண்டுக்காரர் விலை கேட்டு நிற்கலாம். இதில் எந்தத் துறை வானத்திலிருந்து வர வேண்டும்? எல்லாம் ஏற்கெனவே பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு இருக்கின்றன.

நண்பருக்குப் பிடித்த முதலீட்டு முன்மாதிரி கடலட்டைப் பண்ணை. சந்தை சீனாவிலும் ஹொங்கொங்கிலும். ஊரில் எவரும் அட்டை தின்பதில்லை. விலை எங்கே தீர்மானமாகும் என்று சொல்லத் தேவையில்லை. பண்ணைக்கு வேண்டியது கரையோரத்து ஆழமில்லாத கடல். சிறகுவலையும் களங்கட்டியும் போடுகிற இடமும் அதுதான். பெரிய எஞ்சின் இல்லாதவர், வயதானவர், கரையில் நடந்து பிடிக்கிற பெண்கள் தொழில் செய்கிற இடமும் அதுதான். அங்கே கம்பு நட்டு வலையடைத்து ஒருவர் பெயருக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தால் ஒருவர் முதலாளியாவார், பத்துப் பேர் காவற்காரராவார்கள். பண்ணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சங்கம் தன் பெயரில் எடுத்து, எந்தக் கடலை அடைப்பது எதை விடுவது என்று தானே தீர்மானித்து, இலாபத்தைப் பங்கிட்டால் அது வேறு கதை. அனுமதி கொடுத்த அதிகார சபையும் அமைச்சும் அந்தக் கதையில் பெரிய ஆர்வம் காட்டவில்லை என்பதே கசப்பான பகுதி.

கூட்டுறவு செத்துவிட்டது என்கிறார். மூளாயில் 1930களில் சனம் பங்குப்பணம் போட்டுக் கட்டிய கூட்டுறவு வைத்தியசாலை, காரைநகர் போகிற வழியில், அவர் கார்க் கண்ணாடிக்கு வெளியே கடந்துபோயிருக்கும். புங்குடுதீவுக்குப் போகிறபோது வேலணையிலிருந்து கடலுக்கு மேலால் போகிறாரே, அந்தப் பாலத்தைச் சனம் வாணர் பாலம் என்கிறது. அதற்காக அலைந்த வாணர் சகோதரர்களின் பெயர் அது. ஒரு முதலீட்டாளரின் பெயரில்லை.

சங்கங்கள் சீரழிந்ததும் உண்மை. கட்சிக்காரர் தலைவராகிறார், கணக்கு ஆண்டுக்கணக்கில் பரிசோதிக்கப்படாமல் கிடக்கிறது, பொதுக்கூட்டத்துக்கு நிறைவெண் சேராது. நண்பர் இதை எழுதியிருக்கிறார், சரி. ஆனால் இதைவிடக் கடினமான ஒன்றைத் தொடாமல் விட்டுவிட்டார். தீவகத்தில் மேசை போடுவது பிரச்சினை இல்லை. மேசையில் யார் இருப்பது என்பதே பிரச்சினை. கோயில் தர்மகர்த்தா சபையிலும் வெளிநாட்டு ஊர் ஒன்றியத்திலும் இருப்பவர்கள் பெரும்பாலும் காணிக்காரர். ஊரில் இன்று வறுமைப்பட்டு நிற்பவர்களில் பலர் அந்தக் காணியிலோ அதன் வேலியோரத்திலோ குடியிருப்பவர்கள், சாதியால் தள்ளி வைக்கப்பட்டவர்கள். உறுதி ரொறொன்ரோவில் அலுமாரிக்குள் கிடக்கிறது. இங்கே காணி பற்றைக்காடாய்க் கிடக்கிறது. அதில் ஆடு கட்டினாலும் கேள்வி. வீட்டுத்திட்டம் வந்தால் காணி உறுதி கேட்பார்கள், இவர்களிடம் இல்லை. ஊர் ஒன்றியங்கள் சப்பாத்தும் கொப்பியும் அனுப்புவதைவிட அந்தக் காணிகளில் சிலதை நீண்டகாலக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்தால் வறுமை ஓரடியாவது பின்வாங்கும். இதைக் கேட்கிற துணிவு அந்தக் கட்டுரையில் இல்லை. முதலீட்டாளரைக் கூப்பிடுவது யாருடைய மனத்தையும் புண்படுத்தாத வேலை, நன்கொடையாளர்களின் மனத்தை முக்கியமாக.

உலக உதாரணம் வேண்டுமென்றால் சிங்கப்பூர் வரை ஓட வேண்டியதில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால், இன்னும் கொஞ்சம் மேற்கே, கேரளம் 1998இல் குடும்பசிறீயைத் தொடங்கியது. அயல்வீட்டுப் பெண்கள் குழு, அதற்கு மேல் வட்டாரம், அதற்கு மேல் பஞ்சாயத்து என்று பெண்களின் சேமிப்பை உள்ளூராட்சியோடு கட்டினார்கள். பின்னர் அந்த உள்ளூராட்சி வலையை வைத்தே மிகவறிய குடும்பங்களை வீடுவீடாகத் தேடி 64,006 என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திட்டம் போட்டார்கள். 2025 நவம்பர் 1இல் வெற்றி என்று அறிவித்ததைப் பொருளியலாளர் சிலர் ஏற்கவில்லை. அந்தச் சண்டை நடக்கட்டும். எண்ணியது பஞ்சாயத்து என்பதுதான் நமக்குப் பாடம். நமது பிரதேச சபைக்குத் தன் எல்லைக்குள் உள்ள வறிய குடும்பங்களின் பட்டியல்கூடக் கையில் கிடையாது. அது கொழும்பில் கணினிக்குள் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு நண்பரின் கடைசிப் பரிந்துரை என்ன? தீவகத்துக்கென்று ஒரு புதிய அபிவிருத்தி அதிகார சபை, அதற்கு ஒரு பணிப்பாளர் நாயகம். தலைமையகத்தை யாழ்ப்பாண நகரில் வைத்துக்கொள்ளலாம் என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறார். படகு நேரம் ஒத்துவராதாம்.