அஷ்ரப் வரலாறு கற்பிக்கும் கணக்கு

விழா மலரொன்றிலே தம் கல்லூரி ஈன்ற பெரியோரைப் போற்றி எழுதுதல் மரபு. அம்மரபை யாமும் மதிக்கின்றோம். ஆயினும், நம் கல்லூரியிற் பயிலாதவரும், நம் சமயத்தைச் சாராதவரும், நம்மவருட் பலர் இன்றும் மனத்தாங்கலின்றிப் பேச மாட்டாதவருமாகிய ஒருவரைப் பற்றி இம்மலரிலே எழுதத் துணிந்தோம். அவர் மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப். இவ்வாறு துணிந்தமைக்குக் காரணம் உண்டு.

அண்மையில் மேல்வகுப்பு மாணவரை நோக்கி, இக்கரையோரத்திலிருந்து பாராளுமன்றஞ் சென்ற ஒருவரைப் பற்றிக் கட்டுரை வரையுமாறு பணித்தோம். நால்வர் அஷ்ரப் அவர்களைப் பொருளாகக் கொண்டனர். அவருள் இருவர், 'தமிழரைக் கைவிட்டுத் தனிக்கட்சி கண்டவர்' என்று எழுதினர். ஏனைய இருவர், 'ஒலுவிலிலே பல்கலைக்கழகம் தந்தவர்' என்று எழுதினர். அவர் எவ்வாண்டிலே தெரிவானார், எத்தேர்தல் முறையிலே தெரிவானார், அதற்கு முன்னர் எவருடைய மேடையிலே நின்றார் என்பவற்றை ஒருவரும் எழுதவில்லை. சந்திப் பிழைகளைச் சிவப்பு மையினாலே திருத்திவிட்டோம். இக்குறையை அவ்வாறு திருத்த இயலவில்லை. குறை மாணவருடையது மட்டுமன்று. வீட்டுத் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் அவர்கள் கேட்ட பேச்சுத்தான் கட்டுரையாக வந்தது.

நம் கரையோரப் பெருவீதியிலே வடக்கிலிருந்து தெற்கே செல்வோர் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று அடுத்து வரக் காண்பர். ஓரூரின் கோயில் மணியும் அடுத்த ஊரின் பாங்கொலியும் ஒரே காற்றிலே கலக்கின்றன. தாய்வழிக் குடிமுறை இரு சாராரிடத்தும் உண்டு. இவ்வுறவைப் 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்று மேடைதோறும் கூறுவது நம்மவர் வழக்கம். உவமை அழகியதே. ஆனால் குழலில் எத்தனை பிடி மாவு, எத்தனை பிடி பூ என்று கேட்பாரில்லை. அரசியல் என்பது பெரும்பாலும் அந்தப் பிடிகளை எண்ணும் தொழிலேயாம். அஷ்ரப் அவர்கள் அதனை எண்ணினார். அதுவே அவர் வரலாற்றின் சாரம் என்று யாம் கருதுகின்றோம்.

அவர்க்கு முன்னைய கதையைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1956ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே தமிழரசுக் கட்சி பத்து இடங்களைப் பெற்றது. அப்பத்தினுள் இரண்டு முஸ்லிம் பிரதிநிதிகளால் வந்தவை. கல்முனையிலே கேற் முதலியார் எம். எஸ். காரியப்பரும், பொத்துவிலிலே எம். எம். முஸ்தபாவும் அக்கட்சியின் சார்பில் நின்று வென்றனர். பின்னர் இருவரும் அரசாங்கப் பக்கஞ் சார்ந்தனர். முஸ்தபா அவர்கள் 1959இல் நிதியமைச்சரும் ஆயினார். இதனை நம் முதியோர் நன்றி மறந்த செயலென்று கூறக் கேட்டு வளர்ந்தோம். ஆனால் 1977இல் இரட்டை அங்கத்தவர் தொகுதியாகிய அதே பொத்துவிலிலே, தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் தெரிவான எம். கனகரத்தினம் அவர்களும் சில மாதங்களுள் ஆளுங்கட்சியைச் சேர்ந்தார். அவர் தமிழர், இந்து. எனவே, கட்சி மாறுதல் ஒரு சமூகத்தின் குணமன்று. வயலுக்கு நீரும், ஊருக்குப் பாதையும், படித்த பிள்ளைக்கு உத்தியோகமும் கொழும்பிலிருந்தே வரவேண்டியிருந்தமையால், சிறு தொகையினராகிய எதிர்க்கட்சியிலே நெடுங்காலம் இருத்தல் இக்கரையோரத்துப் பிரதிநிதி எவர்க்கும் அரிதாயிற்று.

அஷ்ரப் அவர்கள் 1948ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் நாள் சம்மாந்துறையிலே பிறந்தார், கல்முனையிலே வளர்ந்தார். தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் ஒரே வாங்கில் அமர்ந்து பயின்ற கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலையிற் கற்று, சட்டக் கல்லூரி சென்று சட்டத்தரணி ஆனார். தமிழ் அவர்க்குத் தாய்மொழி. அதிலே கவிதையும் எழுதினார். 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியதன் பின்னர், முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி என்னும் அமைப்பு எழுந்து, 1977ஆம் ஆண்டுத் தேர்தலிலே தமிழர் விடுதலைக் கூட்டணியோடு உடன்பாடு செய்துகொண்டது. அவ்வமைப்பின் முன்னணியில் நின்றவருள் இவ்விளஞ் சட்டத்தரணியும் ஒருவர். கூட்டணியின் மேடைகளிலே ஏறி முஸ்லிம் மக்களிடத்து வாக்குக் கேட்டவர் அவர். தனிக்கட்சி கண்டவர் என்று எழுதிய நம் மாணவர் இருவரும் அறியாத செய்தி இதுவே.

பயன் யாதாயிற்று? கூட்டணி பதினெட்டு இடங்களை வென்றது. ஆனால் அதன் சின்னத்திலே நின்ற முஸ்லிம் அபேட்சகர் எவரும் வெல்லவில்லை. கல்முனையிலே ஏ. ஆர். மன்சூரும், சம்மாந்துறையிலே எம். ஏ. அப்துல் மஜீதும் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் தெரிவாயினர். முஸ்லிம் வாக்காளர் கூட்டணியை ஏற்கவில்லை என்பது வெளிப்படை. அதன் காரணத்தை ஆராய்ந்த தமிழ்த் தலைவர் சிலரே. 'தமிழ் பேசும் மக்கள்' என்னும் தொடருள் முஸ்லிம்களை அடக்கிவிட்டால் அவர்கள் மனமுவந்து அடங்குவர் என்று நம்மவர் எண்ணினர். ஒருவரைத் தம் தொகையுள்ளே கூட்டிக்கொண்டு, அவர் பெயரைத் தனியே எழுதாது விடுதல் நேர்மையான கணக்காகுமோ?

1981ஆம் ஆண்டு காத்தான்குடியிலே ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தோன்றியது. 1985 ஏப்ரலிலே காரைதீவுப் பகுதியில் மூண்ட கலவரம் இரு சாராரையும் பிரித்த கொடுமையை இவ்விடத்து விரிக்க விரும்புகின்றிலோம். 1986இலே அக்கட்சி நாடளாவிய அரசியற் கட்சியாக உருப்பெற, அஷ்ரப் அதன் தலைவரானார். 1988 நவம்பரிலே நடந்த வடக்குக் கிழக்கு மாகாணசபைத் தேர்தலிலே, கிழக்கிற்குரிய முப்பத்தைந்து இடங்களுள் பதினேழை முஸ்லிம் காங்கிரஸ் பெற்றது. பதினோராண்டுகளின் முன்னே பிறர் சின்னத்தில் ஓரிடமும் பெறமாட்டாதவர்கள், தம் சின்னமாகிய மரத்தின் கீழ்ப் பதினேழு இடங்களைப் பெற்றனர்.

அவ்வாண்டிலேயே பிறிதொரு செயலும் நிகழ்ந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசார முறையை வகுத்தபோது, ஒரு தேர்தல் மாவட்டத்திலே எட்டில் ஒரு பங்கு வாக்குப் பெறாத கட்சிக்கு அங்கே இடமில்லை என்று விதித்திருந்தது. 1988இலே வந்த பதினைந்தாவது திருத்தம் அதனை இருபதில் ஒரு பங்காகக் குறைத்தது. பன்னிரண்டரை வீதம் ஐந்து வீதமாயிற்று. இத்திருத்தத்தின் பின்னே அஷ்ரப் அவர்களின் வற்புறுத்தல் இருந்ததென்பது அரசியல் அறிந்தோர் பலரும் ஒப்புக்கொள்வது. முஸ்லிம்கள் திரளாக வாழும் அம்பாறையிலே அவர் கட்சிக்குப் பழைய விதி பெருந்தடையன்று. சிதறி வாழ்வோர்க்கே அது தடை. அத்தடையை நீக்கியமையால் முஸ்லிம்கள் மட்டுமன்றி, நாட்டின் சிறு கட்சிகள் யாவும் பயன்பெற்றன. அம்பாறை மாவட்டத்துத் தமிழராகிய நாமும் அவ்விதியின் நிழலிலேயே இன்று நிற்கின்றோம். இதனை நன்றியோடு கூறிய தமிழ் மேடை யாதொன்றையும் யாம் கண்டதில்லை.

1989 பெப்ரவரித் தேர்தலிலே அஷ்ரப் அவர்கள் அம்பாறை மாவட்டத்திலிருந்து முதன்முறையாகப் பாராளுமன்றம் புகுந்தார். அவர் கட்சிக்கு மொத்தம் நான்கு இடங்கள். 1990ஆம் ஆண்டு காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் வீரமுனைக் கோயிலிலும் சிந்திய குருதி இரு சமூகத்தையும் மேலும் பிரித்தது. 1994 ஆகஸ்டுத் தேர்தலிலே அவர் கட்சி ஏழு இடங்களைப் பெற்றது. இருநூற்றிருபத்தைந்து பேர் கொண்ட சபையிலே பெரும்பான்மைக்கு வேண்டியது நூற்றுப் பதின்மூன்று. பொதுசன ஐக்கிய முன்னணி பெற்றதோ நூற்றைந்து. அதனோடு முஸ்லிம் காங்கிரசின் ஏழும், மலையகத்து உறுப்பினர் ஒருவரும் கூடவே நூற்றுப் பதின்மூன்றாயிற்று. அஷ்ரப் கப்பற்றுறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு ஆகியவற்றுக்கு அமைச்சரானார். 1995இலே தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, அடுத்த ஆண்டிலே பல்கலைக்கழகமாயிற்று. எண்ணத் தெரிந்தவரின் ஏழு, எண்ணத் தெரியாதவரின் பதினெட்டினும் பெரிதாதல் கூடும்.

இவ்வளவு கூறியதனாலே அவர் செய்த யாவும் சரியென்று யாம் கொள்கின்றோம் அல்லோம். ஒரு சமூகத்தின் வாக்கை மட்டுமே நம்பி நிற்கும் கட்சிக்கு அயலானின் வாக்கு வேண்டுவதில்லை. வாக்கு வேண்டாதவிடத்து அயலானின் குறையும் செவியில் ஏறுவதில்லை. அக்கட்சி வளர்ந்த காலத்திலே இக்கரையோரத்துத் தமிழூர்கள் தாம் புறக்கணிக்கப்பட்டன என்று வருந்தியமை பொய்யன்று. அவ்வருத்தத்தை யாமும் அறிவோம். ஆயினும் 1999இலே அவர் எல்லாச் சமூகத்தவரையும் உட்கொள்ளும் நோக்குடன் தேசிய ஐக்கிய முன்னணியைத் தொடங்கினார். தாம் கட்டிய வீட்டின் சுவர் உயரமானது என்பதை அவரே உணர்ந்திருத்தல் கூடும். அம்முயற்சியின் பயனைக் காண அவர் இருக்கவில்லை. 2000 செப்டெம்பர் 16ஆம் நாள், கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கிப் புறப்பட்ட உலங்குவானூர்தி அரநாயக்க மலைப்புறத்திலே வீழ, ஐம்பத்தோராம் வயதிலே காலமானார். அடுத்த மாதம் நடந்த தேர்தலிலே அவர் துணைவியார் பேரியல் அஷ்ரப் அதே மாவட்டத்திலிருந்து தெரிவானார்.

இனி, நம் கணக்கிற்கு வருவோம். 2020ஆம் ஆண்டுத் தேர்தலிலே அம்பாறை மாவட்டத்துத் தமிழ் வாக்குகள் இரு பட்டியல்களிடையே பெரிதும் பிரிந்தன. இரண்டும் ஐந்து வீத எல்லையைத் தாண்டின. எனினும் ஏழு இடங்களுள் ஒன்றேனும் எதற்கும் கிட்டவில்லை. தேசியப் பட்டியலின் வாயிலாகவே ஒருவர் செல்ல நேர்ந்தது. 2024இலே தமிழரசுக் கட்சி ஓரிடத்தைப் பெற்றது. அப்பொழுது நம் ஊர்களிலே எழுந்த ஆறுதல் மூச்சை எல்லோரும் கேட்டோம். நமக்கென ஒருவர் இல்லாத நான்காண்டு எத்துணை நீண்டது என்பதை அறிந்த நாம், 1977க்குப் பின்னர் அயலூரார் பட்டதை உணர்தல் அரிதோ?

2019 ஜூன் மாதத்திலே, கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துமாறு கல்முனை நகரிலே உண்ணாநோன்பு இருந்தனர். சாய்ந்தமருது மக்களோ, தம்மைப் போல முஸ்லிம்களே மிகுந்த கல்முனை மாநகர சபையிலிருந்து பிரிந்து தமக்கெனத் தனிச் சபை வேண்டினர். 2020 பெப்ரவரியிலே அதற்கு வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்து, சில நாட்களுள் நிறுத்தப்பட்டது. பாண்டிருப்பார் வேண்டுவதும், சாய்ந்தமருதார் வேண்டுவதும், அஷ்ரப் வேண்டியதும் ஒன்றே: எம்மைத் தனியே எண்ணுக என்பது. நம் கோரிக்கையை உரிமை என்றும் பிறர் கோரிக்கையைத் துரோகம் என்றும் பெயரிடுவோமாயின், நாம் தமிழுக்கும் நீதி செய்தவராகோம்.

ஆதலின் பழைய மாணவர்க்கும் சக ஆசிரியர்க்கும் யாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் பிள்ளை ஒரு தலைவரைப் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும், அவர் எப்போது, எங்கே, எத்தனை பேரால் தெரிவானார் என்று கேளுங்கள். விடை தெரியாவிடின், நூலகத்துக்கு அனுப்புங்கள். அஷ்ரப் அவர்களின் கவிதை நூலின் பெயர் 'நான் எனும் நீ'. அந்நூலை நம் கல்லூரி நூலகத்தில் தேடினோம், காணவில்லை. ஒரு பிரதியை வாங்கி வைக்க ஒழுங்கு செய்துள்ளோம். கட்டுரை எழுதிய அந்நால்வரும் அதனை முதலில் எடுத்துப் படிப்பர். பின்னர் தம் கட்டுரையை மீண்டும் எழுதுவர்.