சம்மதம் என்பது கைநாட்டு அன்று

புதிய மருந்தொன்றை மனித உடலிற் சோதிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் நம்மிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. "ஏழைகள் என்ன ஆய்வுகூடத்து எலிகளா?" என்கிறது ஒன்று. "இலவசமாக மருந்து கிடைக்கிறதே, கையொப்பமிட்டால் என்ன?" என்கிறது மற்றது. முன்னது முற்போக்காகவும் பின்னது நடைமுறை அறிவாகவும் தோன்றும். ஆனால் இரண்டுமே மக்களைச் சிந்திக்கத் தெரியாத மந்தையாகக் கணிக்கின்றன.

முதற் குரலை நோக்குவோம். சரவணையில் ஒருவருக்குச் செங்கமாரி கண்டால், கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் கொடு என்று சொல்ல ஒரு முதியவர் இருப்பார். அது ஈரலைக் காக்கிறதா? நம்பிக்கை இதற்கு விடை தராது. சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்குடன் இணைந்து, ஹெப்படைடிஸ் பி வைரசைச் சுமந்தவர்களிடம் இதனைச் சோதித்து 1988இல் முடிவை வெளியிட்டனர். முப்பது நாள் மூலிகை உண்டு பின்னர் சோதிக்கப்பட்ட 37 பேரில் 22 பேருடைய குருதியிலிருந்து வைரசின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லா வெற்றுக் குளிசை உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு மறைந்தது. ஆயின் 1990இல் தாய்லாந்திலும், பின்னர் நியூசிலாந்திலும் வெளியான சோதனைகள் அப்பயனைக் காணவில்லை. சிறிய சோதனையின் வெற்றி ஒரு கேள்வியே, முடிந்த விடையன்று. இந்த உண்மையை நமக்கு ஈட்டித் தந்தவர்கள் தம் குருதியைத் தந்த மக்களே.

சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வையும் எண்ணிப் பாருங்கள். வீட்டிலிருந்தே மருந்துண்ட ஏழை நோயாளி, சானட்டோரியத்திற் படுத்தவருக்கு இணையாகக் குணமடைவார் என்று 1959இல் அது உலகுக்குக் காட்டியது. எல்லோரும் மறுத்திருந்தால் இழந்திருப்பவர் யார்? சானட்டோரியத்துக்குச் செல்ல வழியற்ற ஏழையே அன்றோ!

இனி இரண்டாவது குரல். நியூயோர்க்கின் வில்லோபுறூக் நிலையத்தில், 1956 முதல் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு ஈரல் அழற்சிக் கிருமி வேண்டுமென்றே ஊட்டப்பட்டது. பெற்றோர் கையொப்பமிட்டார்கள் என்பது மெய்யே. ஆனால் 1964இல் இட நெருக்கடியால் பொதுச் சேர்க்கை நின்றபோது, ஆய்வுப் பகுதியின் வாயில் மட்டும் திறந்திருந்தது. வேறு வழியற்றவனின் கையொப்பத்தைச் சம்மதம் என்பது எந்த அறம்? அந்த ஆய்விலிருந்து அறிவு பிறந்தது. அநீதி அதனால் நியாயமாகிவிடவில்லை.

முதற்கட்டச் சோதனையின் நோக்கம் நோயைக் குணமாக்குவதன்று; மருந்து ஆபத்தற்றதா, எவ்வளவு கொடுக்கலாம் என்று அறிவதே. 2006இல் இலண்டனில் புதிய மருந்தொன்றை ஏற்ற, நோயற்ற ஆறு இளைஞர்கள் சில மணி நேரத்துள் உயிருக்குப் போராடினர். விலங்குகளுக்குத் தீங்கற்றதாகக் கண்ட அளவில் ஐந்நூற்றில் ஒரு பங்கே அவர்களுக்குச் செலுத்தப்பட்டது!

பித்தக் குழாய்களும் பெருங்குடலும் ஒருங்கே அழலும் நோயொன்று உண்டு. முற்றினால் ஈரல் மாற்றுச் சிகிச்சையையே நெடுங்காலமாக நம்பியிருந்த நோய் அது. அத்தகைய நோயாளியிடம் "புது மருந்து" என்றால் அவர் காதில் "குணம்" என்றே விழும். அந்த மயக்கத்தைத் தெளிவிக்காமல் பெறும் சம்மதம் களவாகும்.

இலங்கையில் சோதனைகளுக்கான பதிவேடு 2006இலிருந்து உண்டு. 2015இன் மருந்து ஒழுங்குபடுத்தும் சட்டமும் உண்டு. அந்தச் சட்டம் பண்ணைப் பாலத்தைக் கடந்து சரவணையின் திண்ணை வரை வருமா? தானாக வராது, நாம் கொண்டு வரவேண்டும். சம்மதப் பத்திரம் நல்ல தமிழில் இருக்கட்டும். அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க அவகாசம் வேண்டும். பாதிப்பு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் வேண்டும்; இந்தியா 2019இன் விதிகளில் இவற்றை எழுதியிருக்கிறது. பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கலாகாது. பயணச் செலவும் இழந்த நாட்கூலியும் தரப்படவேண்டும். வெற்றியோ தோல்வியோ, முடிவு பங்குபற்றியவருக்குச் சொல்லப்படவேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! அந்தப் பத்திரத்தை நோயாளியின் அருகிலமர்ந்து வரிவரியாகப் படித்து விளக்குவது உங்கள் கடன். "சேராதே" என்று தடுப்பதும் "சேர்" என்று தள்ளுவதும் நம் வேலையல்ல. விளங்கிக்கொண்டு "ஆம்" என்பவரும், விளங்கிக்கொண்டு "இல்லை" என்பவரும் சுதந்திர மனிதர்கள். விளங்காமல் கைநாட்டு வைக்கப்பட்டவரே எலியாக்கப்பட்டவர்.